சமாதானம் பேச வந்த கூட்டம்

ஆட்டை முன்னால் விட்டு ஆட்கள் பின்னால் வந்தார்கள். நாரின் நகரத்தைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் தப்புச் செய்தவன் வீட்டார் இப்படித்தான் வருவார்கள். கொழுத்த கிடா ஒன்று, பாதிக்கப்பட்ட வீட்டின் கோபத்தைத் தணிக்க. கோபம் என்னவோ இறைச்சி கேட்டு அழுகிற குழந்தை மாதிரி.

புருல்சா ஜன்னலோரம் நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்தாள். அவள் நகரத்தில் பெண்களுக்கான உதவி மையம் நடத்துகிறவள். இந்த வீட்டுப் பெண் சைராகுலைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகத்தான் காலையிலேயே வண்டியோடு வந்திருந்தாள். இன்றைக்குப் பார்த்து இவர்கள் வந்தது தற்செயல் என்று நம்புவதற்கு அவள் நேற்றுப் பிறந்தவள் இல்லை. விசாரணை அதிகாரி தேதியைச் சொல்லியிருப்பான். அந்த ஆளுக்குக் கோப்பைப் புரட்டச் சோம்பல், போன் செய்யச் சோம்பலே கிடையாது.

முன்னால் வந்தவர் தப்புச் செய்தவன் குலத்துப் பெரியவர் ஒரோசாலி. உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி, அதற்குப் பொருத்தமாகத் தாடி. சோவியத் காலத்தில் கட்சிச் செயலாளராக இருந்து பெண் விடுதலை பற்றி மணிக்கணக்கில் முழங்கியவர். இப்போது மசூதியில் முதல் வரிசை. இரண்டு இடத்திலும் பெண்கள் வாயைத் திறந்தால் அவருக்குக் காது வலிக்கும். அவர் பின்னால் நாலைந்து உறவினர்கள், பலகாரத் தட்டோடு இரண்டு பெண்கள், கடைசியாகக் குற்றவாளியின் தாய் அனிபா.

மெதெத்பெக் மட்டும் வரவில்லை. ஏன் வரப்போகிறான்? தையல் பட்டறை முதலாளி, ஊர் மன்றத்து உறுப்பினர். மன்னிப்புக் கேட்கக்கூட ஆள் வைத்தே பழகியவன்.

அவனுடைய பட்டறையில்தான் சைராகுல் வேலை பார்த்தாள். இருபத்திரண்டு வயது. ஊரே அவனை அண்ணன் என்று கூப்பிட்டது, அவளும் கூப்பிட்டாள். இலையுதிர் காலத்தில் ஒரு மாலை, மற்றவர்கள் போன பிறகு, கணக்குப் பார்க்க வேண்டும் என்று அவளை மட்டும் நிறுத்திவைத்தான். அதன்பின் நடந்ததை அவள் புருல்சாவிடம் சொன்னாள், மருத்துவரிடம் சொன்னாள், அதிகாரியிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். இன்று மெதெத்பெக்குக்கு எதிரே உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சட்டத்தில் அப்படி ஒரு ஏற்பாடு. எந்தப் புண்ணியவான் எழுதினானோ. ஆனால் அவள் போகவில்லை என்றால் அதிகாரி சந்தோஷமாகக் கோப்பை மூடிவிடுவான். பெண் சமாதானமாகிவிட்டாள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

வந்தவர்களுக்கு ரொட்டியும் பால் தேநீரும் வைக்காமல் இருக்க முடியாது. எதிரியானாலும் வீட்டுக்குள் வந்தவன் வாயில் ரொட்டி பட்டாக வேண்டும். சைராகுலின் அம்மா பாத்மா ஒரு வார்த்தை பேசாமல் கிண்ணங்களை நிரப்பினாள். அப்பா எசென்பாய் வெளியே முற்றத்தில் நின்றார். யாரோ ஆட்டுக் கயிற்றை அவர் கையில் திணித்திருந்தார்கள். அதைக் கட்டவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கட்டிவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். இந்த மனிதர் பெற்ற மகளா இவ்வளவு தைரியமாக இருக்கிறாள் என்று புருல்சாவுக்கு எரிச்சலாக வந்தது.

ஒரோசாலி பேசத் தொடங்கினார். மெதெத்பெக் சின்னப் பையன் என்றார். நாற்பதைத் தாண்டிய சின்னப் பையன். குடித்திருந்தான், தப்பு நடந்துவிட்டது என்றார், ஏதோ தப்பு தானாகக் கதவைத் திறந்து வந்து நடந்துவிட்டுப் போன மாதிரி. தேர்தல் வருகிறது, குலத்தின் பெயர் இருக்கிறது, இந்தப் பெண்ணை இனி யார் கட்டுவார்கள், தலைநகரில் நல்ல வேலை வாங்கித் தரலாம் என்று நீட்டிக்கொண்டே போனார். நடுநடுவே பலகாரத்தை வெண்ணெயில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பேரம் பேசும்போது அவருக்கு நன்றாகப் பசிக்கும் போலிருக்கிறது.

போதும் என்று புருல்சா குறுக்கிட்டாள். புகார் கொடுத்தவள் சைராகுல், பதிலை அவளிடம் கேளுங்கள் என்றாள்.

ஒரோசாலி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரும்மா எங்களுக்குச் சொல்ல? புருஷனோட வாழத் தெரியாம ஓடி வந்தவதானே?"

"ஓடி வரலை பெரியவரே. அடிச்சவனை ஜெயிலுக்கு அனுப்பிட்டு நடந்துதான் வந்தேன்."

பலகாரத் தட்டோடு வந்த பெண்களில் ஒருத்தி சட்டென்று குனிந்து சிரிப்பை மறைத்தாள். சைராகுல் எழுந்தாள். வந்தவர்கள் நுழைந்ததிலிருந்தே அவள் கோட்டைக் கழற்றவில்லை.

"நேரமாச்சுக்கா. போலாமா?"

அப்போதுதான் அனிபா எழுந்தாள். அதுவரை மூலையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தவள், வயசுக்கு மீறின வேகத்தில் வாசலுக்குப் போனாள். தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை உருவி நிலைப்படியின் குறுக்கே வீசினாள்.

ஒரு தாய் தன் தலைத்துணியை வீசினால், கத்தியை ஓங்கியவனும் கையை இறக்குவான். அதைத் தாண்டிக் கால் வைத்தவர்களை இந்த மலையில் யாரும் மனிதராக மதிப்பதில்லை. குனிந்து எடுத்துக் கொடுத்தால் விஷயம் அத்தோடு முடிந்தது, மன்னித்தாகிவிட்டது. சண்டைகளை நிறுத்தப் பாட்டிகள் கண்டுபிடித்த வழி. அதை இந்த அம்மாள் மகனைக் காப்பாற்றத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் நரைமுடி அப்போதுதான் எண்ணெய் வைத்து, படிய வாரி, ஒழுங்காகப் பின்னியிருந்ததைப் புருல்சா கவனித்தாள். துணியை உருவப்போவது தெரிந்து வீட்டிலேயே தயாராகித்தான் கிளம்பியிருக்கிறாள்.

போன வருஷம் பக்கத்துக் கிராமத்தில் இதே மாதிரி ஒரு துணி விழுந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தாள். அவளைக் கெடுத்தவன் இப்போது அவள் வீட்டு வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போகிறான், ஹாரன் அடித்துக்கொண்டு.

சைராகுல் துணியைப் பார்த்தாள், பிறகு புருல்சாவைப் பார்த்தாள். தாண்டிப் போ என்று ஒரு சொல் சொல்லப் புருல்சாவின் நாக்கு துடித்தது. ஆனால் அவள் சொல்லிச் சைராகுல் செய்தால், நகரத்துக்காரி ஆட்டிவைத்த பொம்மை என்று ஊர் பேசும், கோர்ட்டில் வக்கீலும் அதையே பேசுவான். அதைவிட முக்கியம், இந்தப் பெண்ணுக்காக மற்றவர்கள் முடிவு செய்தது போதும்.

"உன் இஷ்டம்தான்மா," என்றாள் புருல்சா. "எடுத்துக் குடுத்தாலும் நான் உன்கூடத்தான். எடுக்காட்டியும் உன்கூடத்தான்." இவ்வளவு கஷ்டப்பட்டு அவள் எதையும் சொன்னதில்லை.

சைராகுல் அசையவில்லை. ஒரோசாலியின் முகத்தில் வெற்றி வழியத் தொடங்கியது. இன்னொரு பலகாரத்துக்குக் கை நீட்டினார்.

பாத்மா சமையலறையிலிருந்து கத்தியோடு வந்தாள். ரொட்டி வெட்டத்தான் வருகிறாள் என்று எல்லோரும் கிண்ணத்தை நகர்த்தினார்கள். அவள் அவர்களைக் கடந்து ஜன்னலுக்குப் போனாள். குளிருக்காக இடுக்குகளில் பஞ்சை அடைத்து, மேலே காகிதப் பட்டை ஒட்டி மூடிய ஜன்னல். பனி உருகும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள். பாத்மா காகிதத்தை மேலிருந்து கீழ்வரை கிழித்தாள். பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள். மலைக்காற்று உள்ளே பாய்ந்து ஒரோசாலியின் தேநீரை ஆற வைத்தது.

"உள்ள நாத்தம் தாங்கல," என்றாள் பாத்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஒரு முக்காலியை இழுத்து ஜன்னலடியில் போட்டாள்.

சைராகுல் கோட்டின் கீழ் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முக்காலியில் ஏறினாள்.

"ஜன்னல் வழியா திருடன்தான் போவான்," என்று ஒரோசாலி கத்தினார்.

ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தபடி அவள் திரும்பினாள். "கதவு வழியா வந்தவங்க லட்சணத்தைத்தான் பாத்தேனே பெரியவரே."

வெளியே நிலம் பள்ளமாக இருந்தது. அவள் குதிக்கத் தயங்கினாள். எசென்பாய் கயிற்றைக் கீழே போட்டார். ஜன்னலடிக்கு வந்து குனிந்து முதுகைக் கொடுத்தார். மகள் அப்பாவின் முதுகில் கால் வைத்து இறங்கினாள். அவிழ்ந்த கிடா பக்கத்து வீட்டு வைக்கோலைப் பார்த்து ஓடியது, உறவினர்களில் ஒருவரான மெதெத்பெக்கின் மாமா அதைப் பிடிக்க வாசல் வரை ஓடி வந்து நின்றார். வாசலில் துணி கிடந்தது, அவரும் தாண்ட முடியாது.

புருல்சா அந்தத் துணியைத் தாண்டிப் போயிருக்கலாம், அவளுக்கு அதில் பயம் கிடையாது. ஆனால் சைராகுல் போன வழிதான் இன்றைக்கு வழி. கனத்த உடம்பு ஜன்னலில் சிக்க, பின்னாலிருந்து பாத்மா பலமாக ஒரு தள்ளு தள்ளினாள். எசென்பாயைப் பற்றித் தப்பாக நினைத்ததற்காகப் புருல்சா மனசுக்குள் வெட்கப்பட்டாள்.

காவல் நிலையத்தில் சைராகுலுக்கு நாற்காலிகூடப் போட்டிருக்கவில்லை. மெதெத்பெக் கால் மேல் கால் போட்டு போனில் சிரித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. அதிகாரி எழுந்தே விட்டான்.

"வீட்டுக்கு யாரும் வரலையாம்மா?" என்று வாய் தவறிக் கேட்டான்.

"வந்தாங்க. இன்னும் அங்கதான் இருக்காங்க."

அவள் சுவரோரம் கிடந்த நாற்காலியைத் தானே இழுத்துவந்து மெதெத்பெக்குக்கு நேர் எதிரே போட்டாள். உட்கார்ந்து கோட்டுப் பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டாள். புருல்சாவுக்கு அது தெரிந்தது, அவனுக்கும் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

அதிகாரி தொண்டையைச் செருமினான். "அண்ணன்கிட்ட வெளிய ஒரு வார்த்தை பேசிப் பாக்கலாமே. எதுவா இருந்தாலும் அண்ணன் ஒத்துக்குவார்."

சைராகுல் மெதெத்பெக்கின் முகத்தைப் பார்த்தாள். அவன்தான் முதலில் பார்வையைத் திருப்பினான்.

"எழுதுங்க," என்றாள் அதிகாரியிடம். "அன்னைக்கு எல்லாரும் போனதும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது இவன். இவன்னே எழுதுங்க, அண்ணன்னு எழுதாதீங்க. எனக்கு அண்ணன் கிடையாது."

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினான்.