கணவாய்க் கேட்டில் ஒரு செம்புத் தண்ணீர்

“குறுக்குமரத்தை இறக்கு, ஆரோக்கியம். மேல மாட்டு மணி கேக்குது.”

“மேலயா? எனக்குக் கீழ தப்பட்டைச் சத்தம்ல கேக்குதுக்கா!”

பூவம்மாள் காதைக் கொடுத்துக் கேட்டாள். இரண்டும் உண்மைதான். மைசூர்ச் சீமையிலிருந்து இறங்கும் கணவாயில் ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மூங்கில் மரமும், காவல்காரன் ஆரோக்கியசாமியும், அவளும்.

“ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் வர்றாங்க. நம்ப ஜாதகம் அப்படி” என்றபடி மரத்தை இறக்கினான் ஆரோக்கியசாமி.

கோலார்ப் பக்கம் எலி விழும் காய்ச்சல் பரவிய இரண்டாம் வருஷம் அது. வீட்டுக் கூரையிலிருந்து எலி செத்து விழும். நாலைந்து நாளில் அந்த வீட்டில் ஒருவருக்கு அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும். அப்புறம் தெருவே காலி. அது கீழே இறங்காமலிருக்கச் சர்க்கார் கணவாய் அடிவாரத்தில் கேட் போட்டிருந்தது. சுகமாக வருகிறவர்களுக்குச் சீட்டு. சந்தேகம் உள்ளவர்களுக்குப் பத்து நாள் கொட்டகை. தோல் வண்டிகளுக்கோ வழியே இல்லை. ஆறு வாரமாக ஒரு உப்புத் தோல்கூட இறங்காததால் பேரணாம்பட்டின் தோல் கிடங்குகளில் சுண்ணாம்புக் குழிகள் வெறுமனே வெளுத்துக் கிடந்தன.

அந்தக் கிடங்கு ஒன்றில்தான் பூவம்மாளின் தம்பி காசி வேலை பார்த்தான். முதல் நாள் சாயங்காலமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

“நாளைக்கு கேட்டைப் புடுங்கப் போறோம்க்கா. நீ ஒதுங்கி நில்லு.”

“யாரு புடுங்கறது?”

“எல்லாரும்தான். வாஹித் பாஷா மொதலாளியே முன்னாடி வர்றாரு.”

“நோய் உள்ள வந்துச்சுன்னா?”

“எங்களுக்கு இன்னா ஆவும்? சுண்ணாம்புலயும் ஆவாரம்பட்டைத் தண்ணியிலயும் ஊறின ஒடம்பு இது. எந்த நோயும் அண்டாது. கிடங்குல யாரை வேணா கேளு.”

“அதுல ஊறுற தோலுக்குத்தாண்டா நோய் வராது. அது செத்துப்போன மாட்டோட தோலு.”

காசிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். “உனக்கு மாசம் பொறந்தா சம்பளம். பேசுவ. என் வூட்டு அடுப்பை வந்து பாரு.”

பூவம்மாள் உள்ளே போய்த் தன் பானை அரிசியில் பாதியை அள்ளி அவன் துண்டில் கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்:

“கஷ்டம் இல்லைன்னு நான் சொல்லல. கஷ்டத்தை எழுதிக் குடு. நான் எழுதிக் குடுத்துத்தானே திரை வாங்கினேன்? தாழ்ப்பாளைப் பேத்துப் போட்டுட்டு அப்புறம் நியாயம் பேசலாம்னா, பேசறதுக்கு ஆளு மிஞ்சணும்டா.”

தாழ்ப்பாளைப் பற்றி அவளுக்குத் தெரியும். போன வருஷம் கோலார் தங்கவயலில் அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குள் நோய் வராமலிருக்க ஆட்கள் தடுக்குப் போட்டு அடைத்திருந்தார்கள். நோய் கண்ட தெருவிலிருந்து வந்த புருஷனின் சிற்றப்பன் மகன் வெளியே நின்று, “அண்ணி, அண்ணி” என்று அழுதான். மனசு கேட்கவில்லை. தடுக்கை விலக்கிவிட்டாள். இரண்டே வாரத்தில் புருஷனும் போனான், எட்டு வயது மகளும் போனாள். அந்தத் தடுக்கை விலக்கியது தன் வலது கை என்பது அவளுக்கு மறக்கவில்லை.

கேட் போட்ட புதிதில் ஒரு ஆண் கம்பவுண்டர்தான் பெண்களையும் தொட்டுப் பார்த்தார். ஊரே கொதித்தது. அப்போதுதான் பூவம்மாள் மனு எழுதுகிறவரைப் பிடித்து, தாசில்தாருக்கு ஒரு காகிதம் கொடுத்தாள். கேட்டது நான்கே நான்கு: ஒரு திரை, ஒரு பெண் ஆள், ஒரு தண்ணீர்ப் பானை, முழங்கால் உயரத்துக்கு ஒரு மரத்துண்டு. நான்கும் கிடைத்தன. அந்தப் பெண் ஆள் அவளே ஆனாள். ஆனால் முதல் வாரத்துப் பேச்சு ஊரில் அப்படியே நின்றுவிட்டது. கணவாய்க் கேட்டில் பெண்டுகளைத் தொடுகிறார்கள் என்றே இன்னும் பேசினார்கள்.

வண்டி வந்து நின்றது. திரை கட்டிய வண்டி. இறங்கியவள் இருபது வயதுக்குள் இருப்பாள், முக்காடு போட்டிருந்தாள். பின்னால் வேலைக்காரி ஒருத்தி, கையில் துணி சுற்றிய குழந்தை.

“பேரு இன்னா தாயி?”

“ஃபரீதா. பேரணாம்பட்டு வாஹித் பாஷா வீட்டுக்காரி. அம்மா வீட்டுல பிரசவம். நாப்பது நாள் கழிஞ்சு புள்ளைய எடுத்துட்டுப் போறோம்.”

ஆரோக்கியசாமி வாய்க்குள்ளேயே, “போச்சுடா” என்றான். கீழே தப்பட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

பூவம்மாள் அவர்களைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போனாள். மரத்துண்டைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். இருவரும் தாண்டினார்கள். அவள் கனமான பித்தளைச் செம்பை நிரம்ப மொண்டு நீட்டினாள்.

“வெயில்ல வந்திருக்கீங்க. அண்ணாந்து, எச்சில் படாம, நல்லாத் தூக்கிக் குடிங்க. வலது கையால கொஞ்சம், இடது கையால கொஞ்சம்.”

“இடது கையாலயா?” ஃபரீதா சிரித்தாள். “இது இன்னா வழக்கம்?”

“எங்க கேட்டு வழக்கம்.”

ஃபரீதா குடித்தாள். இடது கையால் தூக்கும்போது தண்ணீர் முகமெல்லாம் வழிந்தது. குழந்தைமேலும் தெறித்தது. அது முகத்தைச் சுருக்கிற்று.

“அடுத்தது நீ. உன் பேரு?”

“பட்டம்மா. எனக்குத் தாகமில்லைங்க.”

“குழந்தையைக் குடுத்துட்டுக் குடி.”

பட்டம்மாள் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வலது கையால் குடித்தாள். செம்பு இடது கைக்கு மாறியது. தோள்வரைகூட ஏறவில்லை.

“வண்டியில இடிச்சிக்கிச்சுங்க” என்றாள், தரையைப் பார்த்து.

பூவம்மாள் அருகில் போய் அவள் நெற்றியில் புறங்கையை வைத்தாள். சுட்டது. பட்டம்மாளின் கண் நிறைந்துவிட்டது.

“சொன்னா வழியிலயே எறக்கி வுட்டுடுவாங்கன்னு பயந்தேன்மா...”

“யாரும் உன்னை எறக்கி வுட மாட்டாங்க. கொட்டகையில கட்டில் இருக்குது, டாக்டர் வருவாரு, கஞ்சி நான் வெக்கறேன். இங்கயே உக்காரு.”

ஃபரீதா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. “நாலு நாளா இவ கையிலதான் புள்ள இருந்துச்சு” என்றாள், மெதுவாக.

வெளியே, “மரத்தைத் தூக்கு! மரத்தைத் தூக்கு!” என்று இருநூறு குரல்.

பூவம்மாள் வெளியே வந்தாள். முன்னால் வாஹித் பாஷா நின்றார். இருபத்தைந்து வயது, வியர்வையில் நனைந்த வெள்ளை ஜிப்பா. அவருக்குப் பின்னால் காசியும் இன்னும் நாலு பேரும் தாம்புக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். ஆரோக்கியசாமி கையிலிருந்த தடி நடுங்கிற்று.

“என் வீட்டு வண்டி அந்தப் பக்கம் நிக்குது” என்றார் வாஹித் பாஷா. “என் வீட்டுக்காரியைத் தொட்டுப் பாத்தியாம்மா?”

“தொடல சாயபு.”

“பின்ன திரைக்குள்ள இன்னா நடந்துச்சு?”

“தண்ணி குடுத்தேன்.”

கூட்டம் ஓவென்று சிரித்தது. “தண்ணி குடுத்தா நோய் தெரியுமாம்டோய்!” என்றது ஒரு குரல். “அப்ப எங்களுக்கும் குடு!”

“குடுக்கத்தான் போறேன். ஆரோக்கியம், பானைங்க எல்லாத்தையும் எடுத்தா. அந்த மரத்துண்டை இவங்க பக்கம் போடு. வெயில்ல ஏறி வந்திருக்காங்க. குடிச்சுட்டுத் தெம்பாப் புடுங்கட்டும்.”

வெயில் அப்படி. ஒருவன் வந்தான், இருவர் வந்தார்கள், பிறகு வரிசையே நின்றது. இன்னார் கைத் தண்ணீர் என்று தயங்கியவர்களிடம், “உங்க செம்புலயே மொண்டுக்குங்க. தூக்கிக் குடிச்சாப் போதும்” என்றாள்.

“மரத்தைத் தாண்டி வா. உம், வலது கை. இப்ப இடது. அண்ணாந்து, அண்ணாந்து!”

“மூக்குல ஏறுதும்மா!”

“ஏறட்டும். அடுத்தது.”

காசியின் முறை வந்தது. “இன்னாக்கா, கலியாணத்துல விளையாட்டு காட்டற மாதிரி?”

“குடிடா. தூக்கு. இன்னும் மேல. சரி, போ.”

தப்பட்டைக்காரன் தப்பட்டையை முதுகில் தள்ளிவிட்டுக் குடித்தான். கடைசியாக வாஹித் பாஷாவும் கோபம் தணியாமலே தாண்டி வந்து, இரண்டு கையாலும் குடித்தார். ஜிப்பா முன்பக்கம் முழுக்க நனைந்தது. அவள் செம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

“முடிஞ்சுது” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “உங்க அத்தனை பேரையும் பாத்தாச்சு. நெறி கட்டினவன் கையைத் தூக்க மாட்டான், மரத்தைத் தாண்ட மாட்டான். உங்கள்ல ஒருத்தனுக்கும் இல்ல. உங்க யாரு மேலயாவது கைய வெச்சனா? இதுதான் கேட்டு. இதைத்தான் கயித்தோட புடுங்க வந்தீங்க.”

காசிதான் முதலில் சிரித்தான். “அடப்பாவி! எங்களையே சோதிச்சுட்டா!” அந்தச் சிரிப்பு பின்வரிசை வரை போயிற்று.

வாஹித் பாஷா மட்டும் சிரிக்கவில்லை. “சரிம்மா. ஒத்துக்கறேன். என் வீட்டுக்காரியும் குடிச்சாளே? அவளை அனுப்பு.”

பூவம்மாள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். பட்டம்மாளின் பெயரை இந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? சொன்னால் கல் வரும். சொல்லாவிட்டால் மரம் போகும். மரம் போனால் தங்கவயல் லைன் மறுபடியும் வரும்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை அந்தக் கூட்டத்தில் அவள் புருஷனைத் தவிர யாரும் கேட்டதில்லை. தப்பட்டைக்காரன் தன் விரலைக்கூட அசைக்கவில்லை.

“நான் வரல.”

“ஃபரீதா?”

“பத்து நாள் கழிச்சு வர்றேன். எங்களோட வந்தவங்கள்ல ஒருத்தருக்குச் சுகமில்ல. நம்ம புள்ள நாலு நாளா அவங்க மடியில இருந்துச்சு.”

வாஹித் பாஷாவின் கை மரத்தின்மேல் இருந்தது. இரண்டு விரலால் தூக்கினால் போதும், அத்தனை லேசான மரம். இன்னும் முகம் பார்க்காத பிள்ளை பத்தடி தூரத்தில் இருந்தது.

“அப்ப நான் அந்தப் பக்கம் வர்றேன்.”

“வரலாம் சாயபு” என்றாள் பூவம்மாள். “வந்தா நீங்களும் பத்து நாளு. மரம் ரெண்டு பக்கத்துக்கும் மரம்தான்.”

“நீங்க இங்க வந்துட்டா, தோல் வண்டிக்கு யாரு மனு எழுதறது?” என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். “கயித்தைக் கீழ போடச் சொல்லுங்க. தூக்கினாலும் நான் தாண்ட மாட்டேன்.”

வாஹித் பாஷா மரத்திலிருந்து கையை எடுத்தார். திரும்பினார். “காசி. கயித்தைக் கீழ போடு.”

“மொதலாளி...”

“போடுப்பா. நான்தான் உங்களைக் கூட்டியாந்தேன். நான் கூட்டியாந்தது தப்பு.”

கயிறு விழுந்தது. காசி அதைக் காலால் தள்ளிவிட்டு அக்காளிடம் வந்தான்.

“இந்த ஆரோக்கியம் ஒத்தையா நின்னு இன்னாத்தைக் காப்பான்? பாத்தல்ல, கை நடுங்கறதை? நாங்க பத்துப் பேரு முறை வெச்சு நிக்கறோம். சம்பளம் வேணாம்.”

“நடுங்கல. தடி கனம்” என்றான் ஆரோக்கியசாமி.

அன்றைக்கே அந்தக் கூட்டம், புடுங்கக் கொண்டுவந்த கயிற்றால் கொட்டகையை ஒட்டி இன்னொரு சாய்ப்புப் பத்தி கட்டிற்று. மனுவும் போயிற்று: உப்புத் தோல்களைக் கேட்டுக்கு மேலே பாறையில் பிரித்து மூன்று நாள் வெயிலில் காயவைத்துப் பிறகு இறக்கலாமா, அந்த வேலையைக் கிடங்கு ஆட்களுக்கே கொடுக்கலாமா என்று. எட்டாம் நாள் உத்தரவு வந்தது. பத்தாம் நாள் முதல் தோல் வண்டிகள் பாறைக்கு வந்துவிட்டன.

பட்டம்மாளின் கட்டி ஏழாம் நாள் உடைந்தது. பிழைப்பாளா என்று டாக்டரே தயங்கினார். பதினோராம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து, “கஞ்சியில உப்பு கம்மி” என்றாள். பூவம்மாள் அந்த வார்த்தையைக் கேட்டு அழுதாள். தங்கவயலில் இதைச் சொல்ல அவள் வீட்டில் யாரும் மிஞ்சவில்லை.

ஃபரீதாவின் பத்து நாள் கொட்டகைக் கணக்கு முடிந்த காலையில் ஊரே மேலே வந்துவிட்டது. அதே தப்பட்டை, வேறு அடி. திரைக்குப் பின்னால் ஃபரீதா செம்பை இரண்டு கையாலும் மாற்றிமாற்றித் தூக்கிக் குடித்தாள். இந்த முறை ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“பழகிட்டேன்மா” என்றாள்.

“போயிட்டு வா தாயி.”

மரத்தைத் தூக்கியவன் காசி. வாஹித் பாஷா குழந்தையை வாங்கித் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தார்.

“பாத்துக்கம்மா, ரெண்டு கையும் நல்லாத் தூக்குது எனக்கு!” என்று அவர் கத்த, கணவாயெல்லாம் சிரிப்பு.

அந்த வருஷம் சுற்றுப்பட்டில் எந்தெந்த ஊரிலோ எலி விழுந்தது. பேரணாம்பட்டில் ஒன்றுகூட விழவில்லை.

வண்டி தாண்டிப் போனதும் காசி மரத்தைத் தோளிலேயே வைத்துக்கொண்டு வண்டி போகிற திசையையே பார்த்து நின்றான்.

“டேய், இன்னா வேடிக்கை?” என்றாள் பூவம்மாள், பானையில் தண்ணீரை நிரப்பியபடி. “மேல அடுத்த மணி கேக்குது. மரத்தை இறக்கு.”

“இறக்கிட்டேன்க்கா” என்றான் காசி.