கழுத்துக்கு ஓவர்டைம்

மேசையை இன்னும் ஒரு சாண் இழுத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவரின் நெஞ்சோடு நெருக்கினாள். மேலே இரண்டு தலையணைகளை அடுக்கி, அவர் முழங்கைகளைத் தூக்கி அவற்றில் ஊன்றவைத்தாள்.

"இப்ப பரவாயில்லையாங்க?"

தலையசைத்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தின் இரு பக்கமும் தசை கயிறு போல விடைத்து எழுந்தது. காறை எலும்புக்கு மேலே குழி விழுந்தது. நுரையீரல் இனி தேறாது என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரி போதும், வீட்டிலேயே இருக்கிறேன் என்று அவர்தான் சொல்லிவிட்டார்.

போன வாரம் வந்த பிசியோதெரபி பெண் விளக்கியிருந்தாள்.

"மூச்சு இழுக்குறது விலாவுக்கு அடியில இருக்குற தசையோட வேலைம்மா. அது களைச்சுப்போச்சு. அதான் கழுத்தும் நெஞ்சும் ஒத்தாசைக்கு வருது. கையை ஊன்றிக்கிட்டா அதுங்களுக்குப் பிடிமானம் கிடைக்கும்."

"கழுத்துக்கு... ஓவர்டைம்," என்றார் அவர். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

முப்பத்தெட்டு வருஷம் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூவியவர். ஒரு லாரி முட்டைக்கோஸை ஒரே மூச்சில் விற்றுத் தள்ளுவார். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. அவள் பங்குக்கு 'ம்' கொட்டுவதோடு சரி.

"நீ... பேசு," என்றார் இப்போது. "என்கிட்ட... சரக்கு தீந்துபோச்சு."

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, இத்தனை வருஷம் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல ஒருநாள் உங்களுக்குத் தெரியாம மார்க்கெட்டுக்கு வந்தேன். வெங்காய மூட்டைக்குப் பின்னாடி நின்னு நீங்க கூவுறதைக் கேட்டேன்."

அவர் தோள்கள் குலுங்கின. அந்தச் சிரிப்புக்கு நாலு மூச்சு செலவானது.

"தெரியும்."

"பாத்தீங்களா?"

"அன்னிக்குத்தான்... தொண்டை... கட்டிக்கிச்சு."

"அடப்பாவி மனுஷா!"

அவர் கன்னத்தைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. அன்று திரும்பும்போது மழைச் சேற்றில் செருப்பு அறுந்தது, அதைக் கையில் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். கழுத்துக் கயிறுகள் தளர்ந்தன. நெடுநேரம் கழித்து ஒருமுறை எழுந்தன. பிறகு எழவில்லை. சொல்லிக்கொண்டிருந்ததை அவள் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

வெந்நீர் டம்ளரோடு வந்த மகன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். கிட்டே வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான்.

"அம்மா... படுக்க வெச்சிடலாமா?"

"கொஞ்சம் இருடா. கழுத்து இப்பத்தான் ஓய்ஞ்சிருக்கு."

மகன் டம்ளரை மேசை ஓரத்தில் வைத்தான். ஒரு பக்கம் மடங்கிக் கிடந்த அவர் சட்டைக் காலரை அவள் விரலால் நிமிர்த்திவிட்டாள்.