முன்தண்டு

கார்வேட்டிநகரத்துக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில், கருட சேவையன்று பெருமாளின் வாகனப் பல்லக்கின் வலது முன்தண்டைத் தோளில் தாங்குவது வேதாச்சலத்தின் வீட்டு உரிமை. பாட்டன் தாங்கினார், அப்பன் தாங்கினார், பிறகு அவரே தாங்கினார். தாங்குகிறவன் உடம்பில் குறை இருக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. குறை தெரிந்தால் தண்டு பங்காளி நாராயணசாமியின் வீட்டுக்குப் போய்விடும். அந்த வீட்டார் வாய்விட்டுக் கேட்டதில்லை, காத்திருந்தார்கள்.

நேற்று அந்தத் தண்டைத் தாங்கிய மகன் முனிரத்தினம் இன்று சித்தூர் பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தான். கவட்டைக்கு மேலே எலுமிச்சம்பழம் போல ஒரு புடைப்பு. வாந்தி நிற்கவில்லை. அவனைக் கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அதே நாராயணசாமிதான். கால்மாட்டில் மருமகள் தாட்சாயணி நின்றாள்.

திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து, இவர்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்ட வருஷம் அது. ஊரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கக் கேட்ட எல்லை மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர் வேதாச்சலம். தீர்ப்பு வந்த நாள் முதல் அவர் வாயிலிருந்து தெலுங்கு வந்ததில்லை. சந்தையானாலும் தாலுக்கா கச்சேரியானாலும் தமிழ்தான். புரியாதவன் பாடு அவனோடு.

"எப்பட்டி நுஞ்சி?" என்று கேட்டார் டாக்டர்.

"எப்போலேர்ந்து இப்படி இருக்குதுன்னு கேக்கறாரு பெரியவரே," என்றாள் நர்ஸம்மா.

"இன்னிக்கிக் காலைலதான். பஸ்ஸு குலுக்கினதுல வந்துச்சு."

"முன்னாடி இருந்ததா?"

"எங்க வம்சத்துலயே கெடையாது," என்றார் வேதாச்சலம், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

நாராயணசாமி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நேற்றுக் காலை கிணற்றடியில் முனிரத்தினம் வலியில் உட்கார்ந்துவிட்டது வேதாச்சலத்துக்குத் தெரியும். அந்தப் புடைப்பு அவனுக்கு வெகு நாளாகவே உண்டு. படுத்தால் உள்ளே போய்விடும். நேற்றுப் போகவில்லை. வேதாச்சலம் மாட்டுக் கொட்டகைக்குள் போய்த் தன் இடுப்பிலிருந்து ஒரு கச்சையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நாலாக மடித்த துணிக்குள் மரக்கட்டை வைத்துத் தைத்தது. கல்யாணமான காலத்திலிருந்து அவர் உடம்பை விட்டு அகலாதது. "இத்த இறுக்கிக் கட்டிக்கோடா. சாமி கோயிலுக்குத் திரும்பற வரைக்கும் தாங்கு," என்றார். அவன் தாங்கினான். ஊரே பார்க்கத் தாங்கினான்.

டாக்டர் கட்டிலின் கால்பக்கத்துக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தச் சொன்னார். "இது குடலிறக்கம். இந்த வார்டில் பாதிப் பேருக்கு இதுதான்," என்று அவர் சொன்னதை நர்ஸம்மா தமிழாக்கினாள். எதிர்க் கட்டிலில் வெல்ல மண்டி மூட்டைக்காரன். அவனுக்கு அப்பால் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைக்கிறவன். "காலையில் வந்ததென்றால் கையாலேயே உள்ளே தள்ளிவிடலாம். நேற்றே சிக்கிக்கொண்டதென்றால் குடல் அழுகியிருக்கும். அதைத் தள்ளினால் விஷம் வயிறு முழுக்கப் பரவி ஆள் போய்விடுவான். அறுத்துத்தான் பார்க்க வேண்டும். காலையில்தானே?" என்று நர்ஸம்மா மூலமாகவே டாக்டர் கேட்டார்.

"மாமா..." என்றாள் தாட்சாயணி. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் நோயாளியிடமே குனிந்தார். "நுவ்வு செப்பு." நீயே சொல் என்கிறார்.

முனிரத்தினம் கண்ணைத் திறந்தான். டாக்டரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தான்.

"நைனா சொல்றதுதான்," என்றான்.

டாக்டர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு புடைப்பின் மேல் விரல்களை வைத்தார்.

வேதாச்சலம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் நர்ஸம்மாகூட வேண்டாமென்று, தெலுங்கிலேயே சொன்னார்: "நின்ன பொத்துன நுஞ்சி." நேற்றுக் காலை முதல். பிறகு ஒன்றையும் விடாமல் சொன்னார். புடைப்பு பழையது. கச்சை கட்டியது. அதைக் கட்டச் சொன்னவர் தாம். கடைசியில் அத்தனை கட்டில்காரர்களுக்கும் நாராயணசாமிக்கும் முன்னால் வேட்டியின் கட்டைத் தளர்த்தித் தம் அடிவயிற்றைக் காட்டினார். "நாக்கூடா உந்தி." எனக்கும் இருக்கிறது.

டாக்டர் உடனே ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொன்னார்.

ஆபரேஷன் முடியும்வரை வேதாச்சலமும் நாராயணசாமியும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். நாராயணசாமிதான் கேட்டார்.

"அண்ணா, இத்தினி வருஷமும் குறையோடவா தூக்கிக்கினு இருந்தே?"

"ஆமா. பெருமாளுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

"உன் நடையப் பாத்து ஊருல பயப்படுவாங்க. அப்படி வெறப்பா நடப்பே."

"கச்சை கட்டிக்கினு வேற எப்படிடா நடக்கறது?"

நாராயணசாமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

தாட்சாயணி ஓடி வந்தாள். ஒரு சாண் குடல் கறுத்திருந்ததாம், அறுத்தெடுத்துவிட்டுத் தைத்திருக்கிறார்களாம். "உசுரு நிக்கும்னு சொன்னாரு மாமா. இனிமே எதையும் தூக்கக் கூடாதாம்." அவள் கையில் முனிரத்தினத்தின் துணி மூட்டை. அதற்குள்ளிருந்து கச்சையின் நுனி தொங்கியது.

வேதாச்சலம் அதை உருவி எடுத்து, திரும்பிப் பார்க்காமல் சாக்கடையில் போட்டார்.

"நாராயணசாமி, அடுத்த வருஷம் முன்தண்டு உங்க வூட்டுக்கு. ஊரைக் கூட்டி நானே சொல்றேன். நீ கேக்க வேணாம்."

"அதெல்லாம் இப்போ எதுக்குண்ணா..."

"கேளு. யாரைத் தூக்க விடறியோ, அவனை மொதல்ல இந்த டாக்டர்கிட்ட கூட்டியாந்து காட்டு. காட்டாம எவனும் தண்டுல தோளு வெக்கக் கூடாது. அத்தையும் நான்தான் சொல்லப் போறேன்."

நர்ஸம்மா வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். மகனுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிறது, பெரியவரும் வந்து படுக்க வேண்டும் என்றாள். வேதாச்சலம் அடிவயிற்றை இடது கையால் தாங்கிக்கொண்டு, சற்றே கூனி, எல்லாரும் பார்க்க மெல்ல நடந்து உள்ளே போனார்.