கடைசிச் சரணம் கேளாதவர்கள்

வானொலி அறிவிப்பாளர் ஓய்வுபெற்ற நான்காம் நாள் காலை, இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அவரே இட்டுக்கட்டிய கடிகாரக்காரர், அவருடைய வீட்டு வாசலில் வந்து நின்று, தம் பாட்டை முழுவதும் கேட்க வேண்டும் என்றார். கதவைத் திறந்த மகள், "அப்பா, உங்க ரசிகர் ஒருத்தர் வந்திருக்கார்" என்று குரல் கொடுத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். வந்தவருக்குப் பெயர் இருந்தது, தெரு இருந்தது, தொழில் இருந்தது. முகம் மட்டும் ஈரச் சுவரில் பூசிய சுண்ணாம்பு போலத் திட்டுத் திட்டாக, ஒரு நிலைக்கு வராமல் இருந்தது. அறிவிப்பாளர் அவருக்கு முகம் யோசித்திருக்கவில்லை.

நேயர் விருப்பம் காலை ஏழே கால் மணிக்குத் தொடங்கும். அந்த நாட்களை எண்ணினால் அறிவிப்பாளருக்கு இன்றும் நெஞ்சு குளிரும். அவர் குரலில் சளி கட்டியிருப்பதைக் கேட்டு மருந்துக் குறிப்பு எழுதி அனுப்பியவர்கள் உண்டு. பணிமுடிந்து வெளியே வருகையில் வாயிற்காவலர், "சார், மூணாவது பாட்டுக்கு முன்னாடி ஒரு தும்மலை முழுங்கினீங்களே, நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்று வழிமறிப்பார். ஒவ்வொரு பாட்டுக்கும் பத்து நேயர் பெயரேனும் வாசிக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. புயலால் தபால் வராத ஒரு வாரத்தில் அஞ்சலட்டைகள் போதாமற்போகவே, அவர் கடிகாரக்காரரைப் படைத்தார். பின்னர் ஒரு செவிலியை, ஒரு வரைபடக்காரரை, இரட்டைச் சகோதரர்களை. மெய்யான நேயர்க்கு அநீதி இழைக்கலாகாது என்று இவர்களையெல்லாம் கடைசிப் பாட்டுக்கே ஒதுக்கினார். கடைசிப் பாட்டுக்கோ ஒரு குறை உண்டு. ஏழே முக்காலுக்குத் தலைநகரச் செய்தி வந்துவிடும். ஆகவே இரண்டாம் சரணம் முடிந்ததும் ஒலியைத் தாழ்த்தி அவர் விடைபெற்றுக்கொள்வார். இல்லாத மனிதர் அனைவரும் மூன்றாம் சரணம் கேளாமலே இருந்துவிட்டனர்.

நிலையத்தார் கழித்துவிட்ட இசைத்தட்டுகளும் கருவியும் அவர் வீட்டு முன்னறையில்தான் இருந்தன. கடிகாரக்காரர் பாட்டை இறுதிவரை கேட்டார்; "திருப்திங்க" என்று எழுந்தார்; வெளிக்கதவை அடையுமுன் இல்லாமற்போனார். மறுநாள் செவிலி வந்தாள். பிறகு வரைபடக்காரர். படைக்கப்பட்ட வரிசை பிறழாமல், நாளொன்றுக்கு ஒருவராக வந்து, கேட்டு, கரைந்தார்கள். அக்கம்பக்கத்தார் பால்வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தம் வேலையில் ஆழ்ந்தனர். பதினாறாமவர் போனபின் அறிவிப்பாளர் உணவு கொள்ளவில்லை. பதினேழாவது பெயர் அவருடைய மனைவியுடையது.

உயிரோடிருந்தபோது அவள் தன் பெயருக்கு ஒரே ஒரு பாட்டைத்தான் போடச் சொல்லிக் கேட்டாள். "ஊருக்கெல்லாம் பாட்டு போடறீங்க, கட்டினவளுக்கு ஒண்ணு போட்டா குரல் தேஞ்சா போயிடும்?" என்பாள். ஊழியர் குடும்பத்தார் நிகழ்ச்சியில் பங்குகொள்ளலாகாது என்ற விதியைக் காட்டி, பத்தொன்பது ஆண்டுகள் அவர் மறுத்தார். அவள் இறந்த வாரம், யாரும் ஐயுறாதபடி வீட்டு முகவரியை மாற்றிப் பழைய பாலத் தெரு என்று சொல்லி, அவள் பெயரைக் கடைசிப் பாட்டில் வாசித்தார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள், வெள்ளிதோறும் வாசித்தார்.

மறுநாள் அவள் வந்தாள். பாலத்தைக் கடந்து நடந்துவந்த புழுதி செருப்பில் இருந்தது. அவள் முகத்தில் ஒரு குறையும் இல்லை. இடக்கை மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட வடுவும் இருந்தது. ஆயினும் ஒலிபரப்பில் சொல்லப்பட்டதைத் தவிர அவள் வேறொன்றும் அறிந்திருக்கவில்லை.

"வணக்கம் சார். உங்க குரலை ரொம்ப நாளா கேக்கறேன். நேர்ல இவ்வளவு ஒல்லியா இருப்பீங்கன்னு நினைக்கவே இல்ல" என்றாள்.

மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தன்னைப் பெற்றவளை, "உள்ள வாங்க" என்று மரியாதையாக அழைத்து உட்காரவைத்தாள். தட்டு சுழன்றது. இரண்டாம் சரணம் முடிந்ததும் அறிவிப்பாளரின் கை தானே சென்று ஒலியைத் தாழ்த்தியது. செய்திகளுக்கான நேரம் என்று அவர் தழுதழுக்காமல் அறிவித்தார்.

"அடடா, இன்னிக்கும் போச்சா? பரவாயில்ல சார், நாளைக்கு வரேன்" என்று அவள் எழுந்தாள்.

இவ்வாறு எட்டு மாதங்கள் கழிந்தன. கோடையிலும் மழையிலும் அவள் வந்தாள். ஒவ்வொரு நாளும் புதியவளாக அவர் ஒல்லியாக இருப்பதைக் கண்டு வியந்தாள். மகளால் தாங்க முடியவில்லை. "இது அநியாயம்ப்பா. செத்தும் அம்மாவை இப்படி நடக்க விடறீங்களே! ஒரு நாள் முழுசா போட்டு அனுப்பி வைங்க" என்று சண்டையிட்டாள். நான்காம் நாள் அவர் சரி என்றார்.

அன்று அவர் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமர்ந்தார். முதற்சரணம் ஒலிக்கையில் வந்தவள் மகளை உற்றுப் பார்த்தாள்.

"உங்க பொண்ணா சார்? உங்க ஜாடையே இல்லையே."

"அவ அம்மா ஜாடை."

"கண்ணு எவ்வளவு அழகா இருக்கு! பெத்தவங்க குடுத்து வச்சவங்க."

இரண்டாம் சரணம் முடிந்தது. அறிவிப்பாளர் அசையவில்லை. இடையிசை எழுந்து, வயலின்கள் தணிந்து, பாடகி மூச்செடுக்கும் ஒலிகூடக் கேட்டது. அப்போது மகள் குறுக்கே பாய்ந்து ஒலியைத் தாழ்த்தினாள்.

"செய்தி நேரம் ஆயிடுச்சு" என்றாள்.

"பரவாயில்லம்மா, நாளைக்கு வரேன்" என்று வந்தவள் எழுந்தாள். வானம் இருண்டிருந்தது. மகள் தன் குடையை அவள் கையில் கொடுத்து, தெருமுனைவரை உடன் நடந்து, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சாலையைக் கடத்திவிட்டாள். அந்தக் குடை இன்றும் பழைய பாலத் தெருவுக்கும் அவ்வீட்டுக்கும் இடையே போய்வருகிறது. ஒருமுறை கம்பி முறிந்து மாற்றியிருக்கிறார்கள்.