ஆஷ்ட்ரே மிட்டாய்

புது பேட்டரியில் இரண்டாவது கம்பியை மாட்டியதுதான் தாமதம், கார் ஊரைக் கூட்ட ஆரம்பித்துவிட்டது. அடுத்த வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது. எதிர்வீட்டு மாடியில் ஜன்னல் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. தையல்காரம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் வீட்டுக்காரர். அவர் காதைப் பொத்தவில்லை. அவர் முகத்தில் பெருமைதான் தெரிந்தது. ஐந்து மாதம் சும்மா கிடந்தும், தான் மாட்டிய அலாரம் தொண்டை கட்டாமல் கத்துகிறதே.

"கேட்டீங்களா, உங்க செல்லப் புள்ள அழுவுறத?" என்றாள்.

"ஆமா" என்றார்.

பக்கவாதம் வந்து வலது கை கால்களோடு பேச்சையும் வாரிக்கொண்டு போனபோது, எப்படியோ தப்பித்து நின்ற ஒரே வார்த்தை அது. பசிக்கிறது என்றாலும் ஆமா, பசிக்கவில்லை என்றாலும் ஆமா. கோபம் வந்தால் வரிசையாக மூன்று ஆமா. எந்த ஆமாவுக்கு என்ன அர்த்தம் என்று அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள், பாதி நேரம் தப்பாக. வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மற்ற வார்த்தைகளும் மெல்ல வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாடகை வண்டிக்காரர்கள் நாற்காலியைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்கள். சரி போங்கடா என்று ஐம்பத்தாறு வயதில் டிரைவிங் கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டாள். முதல் தடவை பின்பக்கமாக எடுக்கும்போது கம்பத்தில் இடித்து ஃபெயில், இரண்டாம் தடவை பாஸ். இன்றைக்குப் பதினொரு மணிக்குப் பயிற்சி. முதல் தடவையாக அவளே அவரை ஓட்டிக்கொண்டு போகப்போகிறாள். அதற்கு முதலில் இந்தக் கார் வாயை மூட வேண்டும்.

எலக்ட்ரீஷியன் தம்பி பானெட்டுக்குள் தலையை விட்டு சைரனைக் கழற்றி எடுத்தான். கழற்றிய பிறகும் அது அவன் கையில் இருந்தபடியே கத்தியது. "உள்ளுக்குள்ள அதுக்குன்னு தனி பேட்டரி இருக்கு, அக்கா. பொல்லாத ஜாதி" என்று சொல்லிக்கொண்டே எதையோ பிடுங்கினான். தெரு அமைதியானது. குழந்தை மட்டும் கொஞ்ச நேரம் அழுதது.

சாவியைத் திருகிப் பார்த்தான். டாஷ்போர்டில் விளக்கெல்லாம் எரிந்தது. இன்ஜின் அசையவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தவன், அப்படியே காலை வெளியே நீட்டி உட்கார்ந்துவிட்டான்.

"இத மாட்டுனது யாருக்கா?"

"வேற யாரு, இதோ உக்காந்திருக்காரே."

"எல்லா ஒயரும் கறுப்பு. ஒண்ணுகூட வேற கலர் கிடையாது."

அது அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, காருக்குள் தலைகீழாகக் கிடந்து மாட்டினார். தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்த மனிதர். பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நகர்ந்தவர் கிடையாது. எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் திருடன் எதை வெட்டுவது என்று தெரியாமல் திண்டாடுவான், அதனால் கறுப்பு. எங்கே எது போகிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வைக்கவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. "உன்கிட்ட சொன்னா ஒலிபெருக்கி வச்ச மாதிரி" என்பார். அதில் பொய் இல்லை. தையல் மெஷின் ஓட ஆரம்பித்தால் அவள் வாயும் ஓடும். எதிரே ரவிக்கை தைக்க வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு வீட்டு விஷயம் எல்லாம் அத்துப்படி.

இப்போது திருடன் வரவில்லை. திண்டாடுவது வீட்டுக்காரிதான்.

தம்பி ஒயர்களைச் சுற்றியிருந்த டேப்பைக் கத்தியால் கீறத் தொடங்கினான். டேப்போடு ஒயரும் சேர்ந்து கிழிந்தது. அவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. உள்ளே போய், தையல் பிரிக்கிற சின்ன ஊசிக்கத்தியைக் கொண்டுவந்து, "தள்ளுப்பா" என்று பக்கத்தில் குந்தினாள். அடியில் நுழைத்து, மேலே தூக்கி, இழுத்தாள். டேப் தனியாகவும் ஒயர் தனியாகவும் வந்தன. ஒவ்வொரு சுற்றும் பாதிக்குப் பாதி ஏறி, அளவெடுத்த மாதிரி இருந்தது. மனுஷன் எவ்வளவு அழகாகச் சுற்றியிருக்கிறார். இந்தக் கையா இன்றைக்கு ஒரு கரண்டியைப் பிடிக்க முடியாமல் கிடக்கிறது என்று நினைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த டேப்புக்குப் போனாள்.

"அலாரம் ஒயர் எல்லாம் வெளிய வந்துருச்சு" என்றான் தம்பி முக்கால் மணி நேரம் கழித்து. "ஆனா ஒரு ஒயர் மட்டும் டாஷ்போர்டுக்கு உள்ள போகுது. எங்கயோ ஒரு ரகசிய ஸ்விட்ச் வச்சிருக்காரு. அத அமுக்கினாதான் ஸ்டார்ட் ஆகும். யோசிச்சுச் சொல்லுங்க. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அண்ணன் வழக்கமா ஏதாச்சும் பண்ணுவாரா?"

"ஒண்ணும் பண்ண மாட்டாரு. ஏறுவாரு, கண்ணாடிய சரி பண்ணுவாரு, எனக்கு ஒரு புதினா மிட்டாய் குடுப்பாரு, கிளம்பிருவோம்."

"மிட்டாய் எங்கேருந்து எடுப்பாரு?"

"ஆஷ்ட்ரேலேருந்து. சிகரெட் கிடையாதே, அதனால அதுல மிட்டாய்தான் போட்டு வைப்பாரு."

தம்பி அவளை ஒரு மாதிரி பார்த்தான். ஆஷ்ட்ரேயை இழுத்து, பின்பக்கமாக விரலை விட்டான். டிக் என்று ஒரு சத்தம். சாவியைத் திருகியதும் இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது.

"மூளைக்காரர்க்கா அண்ணன்" என்று சிரித்தான். "மிட்டாய் எடுக்கற மாதிரியே ஸ்விட்ச அமுக்கியிருக்காரு. பக்கத்துல இருக்கறவங்களுக்கே தெரியல பாருங்க."

அவள் சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷம். கல்யாணத்துக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பெரிய சண்டை போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் ஏறி உட்கார்ந்த நாளிலும், அந்த மிட்டாய் தவறியதில்லை. பூ வாங்கித் தராத, வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர். அந்த மிட்டாய் ஒன்றைத்தான் அவள் மனசுக்குள் முடிந்து வைத்திருந்தாள். மெஷின் முன்னால் எத்தனையோ கதை பேசியிருக்கிறாள், இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் பார்த்தால் அவளிடமிருந்து ஸ்விட்சை மறைக்கத்தான் அந்த மிட்டாயா?

நேராக நாற்காலி முன்னால் போய் நின்றாள்.

"உண்மையச் சொல்லுங்க. அந்த மிட்டாய் எனக்காகவா, ஸ்விட்சுக்காகவா?"

அவர் அவளையே பார்த்தார். வாய் எதற்கோ தயாரானது, கோணியது, தடுமாறியது.

"ஆமா" என்றார்.

"நல்லா சொன்னீங்க போங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரைக் கேட்டு என்ன பிரயோஜனம்.

தம்பி ஸ்விட்சையும் கழற்றினான். ஸ்விட்சுக்காக அன்று வெட்டியிருந்த கார் ஒயரைப் பழையபடி சேர்த்து, டேப் சுற்றி, மூடியை மாட்டினான். கறுப்பு ஒயர் மொத்தமும் ஒரு அட்டைப்பெட்டியில் சுருண்டு கிடந்தது. "இனிமே சாவி போதும்க்கா. ஆஷ்ட்ரே வெறும் ஆஷ்ட்ரேதான்" என்று அவர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, பெட்டியை அவர் மடியில் வைத்தான். அவர் இடது கையால் ஒயரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கீழே தள்ளினார்.

பதினொன்றுக்கு இன்னும் இருபது நிமிஷம். அவரைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, நாற்காலியை மடித்துப் பின்னால் ஏற்றுவதற்குள் அவளுக்கு வியர்த்து ஊற்றியது. சுற்றி வந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். கண்ணாடியைச் சரி செய்தாள். சாவியைப் பிடித்தாள்.

அவர் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது.

"என்னங்க? பயமா இருக்கா?"

"ஆமா, ஆமா, ஆமா."

மூன்று ஆமா, கோபம்தான். மணிக்கட்டை விட்டுவிட்டு முன்னால் சாய்ந்தார். பெல்ட் இழுத்துப் பிடித்தது, மீறிச் சாய்ந்தார். ஆஷ்ட்ரே விளிம்பில் விரல் இரண்டு தடவை வழுக்கியது. உதவப் போன கையை அவள் இழுத்துக்கொண்டாள். மூன்றாம் தடவை அது திறந்தது. பின்பக்கம் ஸ்விட்ச் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அவர் விரல் அங்கே போகவில்லை. அடியில் ஒட்டிக்கிடந்த ஒன்றை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பெயர்த்தது. ஐந்து மாத வெயிலில் உருகி, மறுபடி இறுகி, காகிதத்தோடு ஒன்றாகிப் போன புதினா மிட்டாய்.

அவர் உள்ளங்கையை அவள் பக்கம் நீட்டினார். அவள் சாவியிலிருந்து கையை எடுத்தாள். பின்னால் ஒரு வண்டி வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. காகிதம் பிரிய மறுத்தது. அவள் அவசரப்படாமல் பல்லால் ஓரத்தைக் கடித்துப் பிரிக்கத் தொடங்கினாள்.