வாட்ச் சங்கிலிக்கு வந்த பளபளப்பு

பாத்திரக் கடைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மங்கலாக எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். மாப்பிள்ளை அந்த வியாதியில்தான் மாட்டிக்கொண்டார். கல்யாணத்தன்று மாமனார் பல வருஷம் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி இவர் கையில் கட்டியிருந்தார். எஃகுச் சங்கிலி முழுக்கக் கீறல். அண்டாவுக்குப் பாலிஷ் போடும் சக்கரத்தில் அதையும் ஒரு பிடி பிடித்தார். சங்கிலி முகம் பார்க்கிற அளவுக்கு மின்னியது.

மின்னக் கூடாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதன் அழகே நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள்தானாம். வாட்ச் ரிப்பேர்க்காரர் தலையில் அடித்துக்கொண்டு, கோடுகளைத் திரும்ப வரவழைக்கிற வழியையும் சொல்லி அனுப்பினார். அதற்குள் மாமனார் வந்துவிட்டார்.

வந்தது, மாப்பிள்ளை பொறுப்பில் விடப்போகும் புதுக்கடைச் சாவியைக் கொடுக்க. சட்டைப்பையிலிருந்து சாவி பாதி வெளியே வந்திருந்தது. கண் மாப்பிள்ளையின் மணிக்கட்டில் விழுந்தது. சாவி உள்ளே போய்விட்டது. சொந்த நிழல் பின்னால் வந்தாலும் யார் அனுப்பினார்கள் என்று கேட்கிற மனிதர் அவர்.

"மாப்பிள்ளை, கை ரொம்ப மின்னுதே?"

"சும்மா தேச்சேன் மாமா."

"தேச்சீங்களா, மாத்தினீங்களா? நான் கொடுத்தது இப்படிப் பல்லைக் காட்டாதே."

உள்ளேயிருந்து மகள் வந்தாள். "ஏம்ப்பா, ஒரிஜினலை வித்துட்டு டூப்ளிகேட் போடற சாமர்த்தியம் இவருக்கு இருந்தா நான் ஏன் இன்னும் அந்த ஓட்டை மிக்ஸியோட மல்லுக்கட்டறேன்?"

"நீ சும்மா இரும்மா. கல்லாவையே ஒப்படைக்கப் போறேன், கேக்காம இருக்க முடியுமா?"

மாப்பிள்ளை வாட்சைக் கழற்றிச் சங்கிலியை ஒரு முனையில் பக்கவாட்டாகப் பிடித்துக் காட்டினார். மறுமுனை சோர்ந்து தொங்கியது. "புதுசுன்னா விறைப்பா நிக்கும் மாமா. இது தொங்குது பாருங்க. பழசுதான்."

மாமனார் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், காதருகே குலுக்கினார். "பழசுதான். யாரோட பழசு?"

மாப்பிள்ளை சமையலறைக்குப் போய், ரிப்பேர்க்காரர் சொன்னபடி, பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரில் பிரிக்காத ஒன்றை எடுத்து வந்தார். வாட்சிலிருந்து சங்கிலியைத் தனியாகப் பிரித்தார். பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக இடுக்கு அழுக்கை எடுத்துத் துடைத்தார். மின்ன வேண்டிய ஓரங்களுக்கு டேப் ஒட்டி, பலகை மேல் நீட்டி வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். பதற்றத்தில் கை குறுக்கே போயிற்று.

"ஐயய்யோ! என்ன பண்றீங்க, அடிப்பிடிச்ச சட்டியா அது? நகருங்க!"

மாமனாரே நாரைப் பிடுங்கிக்கொண்டார். நீளவாக்கில், ஒரே பக்கமாக, ஒரே அழுத்தத்தில் இழுத்தார். முனைக்கு வந்ததும் கையைத் தூக்கித் திரும்ப முதலிலிருந்து. பளபளப்பு மெல்ல அடங்கி, பட்டு நூல் ஓடியது போலக் கோடுகள் எழுந்தன. முகத்தில் சந்தேகம் மட்டும் கூலிக்கு உட்கார்ந்த காவல்காரன் மாதிரி அசையாமல் இருந்தது.

டேப்பை உரித்து, கழுவித் துடைத்து, வாட்சோடு சேர்த்துத் தம் கையில் மாட்டிப் பார்த்தார்.

"ஆ!"

"என்னப்பா?"

"முடியைப் பிடுங்குது! கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணி. இதே இடத்துலதான் பிடுங்கும், சனியன்." மணிக்கட்டைத் தடவிக்கொண்டே முதல் தடவையாகச் சிரித்தார். "நம்மதுதான் மாப்பிள்ளை. சந்தேகமே இல்லை."

சாவி மேஜைக்கு வந்தது. "புதுக்கடையிலே இந்தச் சக்கரம் மட்டும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

மகள் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கணவர் ஜன்னலோரமாக நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடை கிடைச்சாச்சு. இன்னும் என்னங்க உம்முனு?"

தெருமுனையில் மாமனார் நின்று, மணிக்கட்டை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பி ரசித்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா வாட்சைக் கழட்டவே இல்லை."

"மறந்திருப்பாரு."

"உங்கப்பாவா?" என்றார் அவர்.