கண்டோம், கண்டேன்

வேலை கேட்டு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் சட்டம். ஒரு பேரரசின் எழுச்சி, வீழ்ச்சி, இடையில் நடந்த கல்யாணங்கள் எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அடைத்துவிடுகிற வரலாற்றுக்காரர்களுக்கு, தங்களை ஒரு பக்கத்தில் அடைக்க மட்டும் தெரியாது. சின்னக் கரையான் அந்த ஒரு பக்கத்தை மறுபடி மறுபடி அச்சடித்துப் பார்த்துக் கிழித்ததில், வீட்டுப் பிரின்டருக்கு இருமலே வந்துவிட்டது.

கரையான் என்பது வரலாற்றுத் துறையில் வைத்த பெயர். அக்காளும் தங்கையும் பழைய காகிதம் இருக்கிற இடத்தில் புகுந்தால் அலமாரி தீரும்வரை வெளியே வரமாட்டார்கள். அக்காள் பெரிய கரையான், தங்கை சின்னக் கரையான். ஒரு காற்புள்ளிக்காக இருவரும் ஆவணக் காப்பகத்தில் போட்ட சண்டையில், கூரையில் இருந்த புறாக்கள் மூட்டைமுடிச்சோடு குடிபெயர்ந்து போனதாகக் காவலாளி சத்தியம் செய்வார். மறுநாள் அதே இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டதையும் அவரே சொல்வார்.

போன மழைக்காலத்தில் பெரிய கரையான் வயிற்றுவலி என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

தங்கைக்கு இருந்தது தற்காலிக வேலை. இந்த மாதத்தோடு அதுவும் முடிகிறது. துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலி. அது அக்காள் உட்கார்ந்திருந்த இடம். அடுத்த முறை விளம்பரம் வருவதற்குள் தங்கைக்கு வயது வரம்பு கடந்துவிடும். ஆக, அக்காளின் நாற்காலியைக் கேட்டு, இன்று சாயங்காலத்துக்குள் அவள் கடிதம் கொடுத்தாக வேண்டும்.

துறைத் தலைவர் நல்ல மனிதர். சிரித்தால் பக்கத்துக் கட்டடத்தில் ஜன்னல் ஆடும். காலையில் அவளுடைய வரைவைப் படித்துவிட்டு அப்படித்தான் சிரித்தார்.

"ஏம்மா, வரி தவறாம 'நாங்கள் தேடினோம், நாங்கள் படித்தோம்'னு போட்டிருக்கியே, வேலைக்கு எத்தனை பேரா வர்றீங்க? 'நாம்'னு போட்டிருந்தாலாவது நானும் ஓரமா ஒட்டிக்கலாம். 'நாங்கள்'னு போட்டு என்னையும் வெளியே தள்ளிட்டே!"

"வேணும்னா 'கண்டறியப்பட்டது'னு மாத்திடறேன் சார்."

"யாரால? ஆவியாலயா?" என்று சொல்லிவிட்டு, சொன்ன சொல்லின் எடை உறைத்து, அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "நிரந்தர வேலைம்மா. தேர்வுக் குழு 'நான்'ஐத்தான் தேடும்" என்றார் தணிந்த குரலில்.

மதியம் அத்தான் அவள் வீட்டுக்கு வந்தார். அக்காளின் கணவர், பல் மருத்துவர். பேசிக்கொண்டே பல்லைப் பிடுங்கிவிடுவார். நோயாளி வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்தால்தான் தெரியும். மருந்து வாசனையோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்தார்.

"இதுல என்ன கஷ்டம்? 'தேடினோம்'. 'ஓம்'ஐப் பிடுங்கு, 'ஏன்'ஐக் கட்டு. 'தேடினேன்'. ரத்தமே வராது."

"உங்களுக்கு வராது. வலி யாருக்கோ."

"சரி, மயக்க ஊசி போட்டுக்கலாம். தட்டு."

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். தேடினேன். படித்தேன். ஒப்பிட்டேன். அத்தான் திருத்திய வரிகளை உரக்கப் படித்தார். அவள் காதில் ஒவ்வொரு வரியின் வாலும் மட்டும் தனியாக வந்து விழுந்தது. ஏன். ஏன். ஏன்.

கடைசிப் பத்தியில் கை நின்றுவிட்டது. 'விளக்குகளை அணைத்தது காற்றல்ல என்று கண்டோம்.'

அக்காள், தங்கை இருவருடைய பேரையும் நிலைநாட்டிய வரி அது. மின்சாரம் வருமுன் தெருவிளக்கு ஏற்றிய தொழிலாளிகளைப் பற்றிய ஆராய்ச்சி. ஒரு வாரம் நகரமே இருண்டு கிடந்தது. 'பலத்த காற்று' என்று எழுதி அதிகாரிகள் கதையை முடித்துவிட்டார்கள். காப்பக மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து தங்கை அபராதப் பதிவுகளையும் அக்காள் துறைமுகத்தின் காற்றுக் குறிப்புகளையும் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் இலைகூட அசையவில்லை; வேலைக்கு வராததற்காக விளக்கேற்றுகிற அத்தனை பேருக்கும் அபராதம். காற்றில்லை, வேலைநிறுத்தம்! இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். யார் முதலில் சொன்னது? 'நீதான்டி சொன்னே', 'இல்லக்கா, நீதான்' என்று அன்றே சண்டை பிடித்துக்கொண்டது. இவ்வளவு நாளும் அது தீரவில்லை.

"இதுக்கு மட்டும் ஆதாரம் இல்லை அத்தான். 'கண்டேன்'னு நான் எப்படி எழுத?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆதாரம் எங்கிட்ட இருக்கு. அன்னைக்கு ராத்திரி அவளே சொன்னா. 'சின்னவதாங்க கண்டுபிடிச்சா, நான் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்தேன்'னு."

"எங்கே வெச்சு சொன்னா?"

"எங்க வீட்டுலதான். வெங்காயம் நறுக்கிக்கிட்டே."

"அன்னைக்கு ராத்திரி அவ இங்கதான் படுத்தா. சண்டை முடியாம வீட்டுக்குப் போக மாட்டேன்னுட்டா."

"அப்போ மறுநாளா இருக்கும்."

"மறுநாள் நீங்க ஊர்லயே இல்லை. பல் டாக்டருங்க மாநாட்டுக்குப் போயிருந்தீங்க."

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "செத்தவளைப் பத்தி ஒரு நல்ல பொய் சொல்ல விடமாட்டேங்கிறியே! நான் என்ன வரலாறா படிச்சேன், பல்லுதானே படிச்சேன்." கொஞ்ச நேரம் மேஜை விளிம்பையே தடவிக்கொண்டிருந்தார். "ஆனா அவ இருந்திருந்தா இதே பொய்யைத்தான் சொல்லியிருப்பா. இல்லைன்னு சொல்லு பார்க்கலாம்."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

'கண்டேன்' என்று தட்டினாள். தட்டிவிட்டுக் காத்திருந்தாள். 'அப்பாடா, இப்பவாவது ஒத்துக்கிட்டியே' என்று கொக்கரிக்கவோ, 'போடி, நான்தான் சொன்னேன்' என்று கட்சி மாறிச் சண்டைக்கு நிற்கவோ யாரும் இல்லை. எதிராளி இல்லாத சண்டையில் அவள் ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அத்தான் குழாயைத் திறந்து, கழுவியிருந்த தம்ளரையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றார்.

அத்தானின் ஸ்கூட்டர், மாட்டு வண்டி தாண்டிப் போனால் வெட்கப்படாத ரகம். எப்படியோ, அலுவலகம் மூடுமுன் போய்ச் சேர்ந்தார்கள். ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் கடிதத்தை வாங்கி, ஒரு பக்கம்தானா என்று புரட்டிப் பார்த்துவிட்டு, வெளியே நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த இடத்துக்கு யாரு, ரெண்டு பேருமா?"

அத்தான் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"இல்ல சார்," என்றாள் சின்னக் கரையான். "நான் மட்டும்தான்."